சோர்ந்துபோகாமல் கேட்பதே ஜெபம்

(தோட்டக் கிளைத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட நத்தார் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் ஜெபத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இங்கே கூடியிருப்பவர்களில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். வேதக்காரர்களாகிய நாம் கொஞ்சப் பேர். சங்கத்துக்கு மதம் கிடையாது. ஆனால் கஷ்டம் வரும்போது நம்மில் அநேகர் முதலில் போகிற இடம் சங்க ஆபீஸ் அல்ல, சாமி படத்துக்கு முன்னால்தான். அங்கே என்ன கேட்கிறோம், கேட்டுவிட்டு எழுந்து என்ன செய்கிறோம் என்பது சங்கத்துக்கும் முக்கியமான விஷயம். அதனால்தான் இன்று கிறிஸ்தவர்களின் ஜெபத்தைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

நாம் கடந்துவந்த சில வருடங்களை நினைத்துப் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அதே வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, மலையில் கொழுந்து குறைந்தது. 2022இல் மாவும் மண்ணெண்ணெயும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின. மூன்று வேளை சமைத்த வீட்டில் இரண்டு வேளையாயிற்று. அந்த நாட்களில் லயங்களில் ஜெபக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் கூடினார்கள். அப்போது இரண்டு விதமான பேச்சைக் கேட்டோம். “ஜெபம் பண்ணினால் அடுப்பில் சோறு வேகுமா?” என்று சிலர் கேட்டார்கள். “சங்கம், கூட்டம், போராட்டம் எல்லாம் உலகக் காரியம். ஜெபம் மட்டும் பண்ணுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று வேறு சிலர் சொன்னார்கள். இந்த இரண்டு பேச்சுமே இயேசு சொன்ன ஜெபத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாத பேச்சு.

சோர்ந்துபோகாமல் எப்போதும் ஜெபிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு இயேசு ஒரு கதை சொன்னார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஓர் ஊரில் ஒரு நீதிபதி. அவனுக்குக் கடவுள் பயமும் இல்லை, மனுஷருக்கு மரியாதையும் இல்லை. அதே ஊரில் ஒரு விதவை. அவளுக்காகப் பேச ஆள் இல்லை, கொடுக்கக் காசும் இல்லை. ஆனால் அவள் அவனிடம் போய்ப் போய்த் தன் வழக்குக்கு நியாயம் கேட்டாள். அவன் வெகுநாள் அசையவில்லை. கடைசியில், இவளுடைய தொந்தரவு தாங்க முடியவில்லையே என்று தீர்ப்புக் கொடுத்தான். இப்படிப்பட்ட நீதிபதியே கேட்பான் என்றால், இரவும் பகலும் கூப்பிடுகிறவர்களுக்குக் கடவுள் நியாயம் செய்யாமல் இருப்பாரா என்று இயேசு கேட்டார்.

ஜெபம் என்றால் என்ன என்று காட்ட இயேசு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டவில்லை. நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்ப நடக்கிற ஒரு பெண்ணைக் காட்டினார். அவள் பிச்சை கேட்கவில்லை, நியாயம் கேட்டாள். நமது தமிழிலும் இந்தத் தொடர்பு இருக்கிறது. கோயிலில் வைப்பதும் விண்ணப்பம், தொழில் திணைக்களத்தில் கொடுப்பதும் விண்ணப்பம். கத்தோலிக்க சகோதரர்கள் மன்றாட்டு என்று சொல்வார்கள். மன்று என்றால் சபை, நீதிமன்றம். மன்றின் முன் நின்று முறையிடுவதுதான் மன்றாடுவது. ஆகவே ஜெபிக்கிறவள் சங்கத்துக்கு வரக் கூடாது என்று சொல்வதற்கு வேதத்தில் இடமில்லை.

இன்னொரு இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 5ஆம் அதிகாரம். எகிப்தில் இஸ்ரவேல் ஜனங்கள் செங்கல் அறுத்தார்கள். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை அரசாங்கம் கொடுத்துவந்தது. ஒருநாள் பார்வோன், இனி வைக்கோல் கிடையாது, நீங்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று கட்டளை போட்டான். கணக்குக் குறைந்தபோது அந்த ஜனங்களிலிருந்தே நியமிக்கப்பட்டிருந்த தலைவர்களுக்கு அடி விழுந்தது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உரம் போடாத மலை, புல் வெட்டாத மலை, ஆனால் கொழுந்து நிறை மட்டும் குறையக் கூடாது, குறைந்தால் அரைப் பேர். நமக்குத் தெரிந்த கதைதான்.

அந்த ஜனங்கள் கதறினார்கள், கடவுள் கேட்டார் என்று வேதம் சொல்கிறது. கேட்டுவிட்டு வானத்திலிருந்து செங்கலைப் போடவில்லை. மோசேயைப் பார்வோனிடம் பேச அனுப்பினார். முதல் பேச்சுவார்த்தை தோல்வி. நிலைமை முன்பைவிட மோசமாயிற்று. ஜனங்கள் பார்வோனைத் திட்டாமல் மோசேயைத் திட்டினார்கள். தோட்டத் தலைவராக இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மோசே என்ன செய்தார்? கடவுளிடம் திரும்பிப் போய், ஏன் என்னை அனுப்பினீர் என்று முறையிட்டார். பிறகு மறுபடியும் பார்வோனிடம் போனார். சோர்ந்துபோன மனுஷன் திரும்ப எழுந்து போவதற்கு அந்த முறையீடு பலம் கொடுத்தது. ஜெபத்தின் வேலை அதுதான்.

கூலியைப் பற்றியும் வேதம் தெளிவாகப் பேசுகிறது. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது சாய்வதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் உள்ள சட்டம். வயலில் அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கடவுளின் காதில் கூக்குரல் இடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதினார். நம்முடைய ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் நாம் 8 வீதம் கொடுக்கிறோம், தொழில் தருநர் 12 வீதம் போட வேண்டும். அந்தப் பணம் கட்டப்படாமல் கிடந்தால் அதுவும் பிடித்துவைத்த கூலிதான். அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவது பாவமல்ல.

நமது மலையகத்துக்கு வேதம் வந்த வழியையும் நினைக்க வேண்டும். 1854இல் தமிழ் கூலி மிஷன் தொடங்கியது. கூலி என்ற சொல் அதன் பெயரிலேயே இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாக நடந்து வேதம் சொன்னார்கள், எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குத் துரைமாரும் பணம் கொடுத்தார்கள். துரை பணம் கொடுக்கும்போது துரையைக் கேள்வி கேட்பது யாருக்கும் இலேசான காரியம் அல்ல. ஆனால் காலம் அப்படியே நிற்கவில்லை. 1948இல் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நம்மவர் குடியுரிமை போயிற்று. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 1973, 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. அந்த எழுபதுகளில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகள், 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக உழைத்தார். அதே வருடம் லியோ நாணாயக்கார ஆண்டகை கண்டி மேற்றிராசனத்தை விட்டுப் புதிய பதுளை மேற்றிராசனத்துக்கு வந்து ஏழைகளின் பக்கம் நின்றார்.  ஜெபிக்கிறவர்கள் நியாயத்துக்காக நிற்க முடியும் என்பதை அவர்களிடம் பார்த்தோம்.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிழைத்தவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். எல்லா மதத்தாரும் அங்கே அழுது வேண்டிக்கொண்டார்கள். அந்த அழுகை உண்மையானது. ஆனால் அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை 2005லும் அதற்குப் பிறகும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அதைக் கடவுளின் சித்தம் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. மனுஷர் செய்யாமல் விட்ட வேலையைக் கடவுள் தலையில் போடுவது பக்தி அல்ல. செத்தவர்களுக்காக ஜெபிக்கிற நாம், சுவரில் வெடிப்பு விட்ட லயத்தைப் பற்றிக் கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

கேட்டும் கிடைக்காத ஜெபங்களும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், குளவி கொட்டிப் புருஷனை இழந்த பெண், இவர்களிடம் போய் உனக்கு விசுவாசம் போதாது என்று யாரும் சொல்லக் கூடாது. சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டு இருக்கிறது. அதில் பெரிய பங்கு அழுகையும் முறையீடும்தான். சிலுவையில் தொங்கிய இயேசுவே கைவிடப்பட்டவராகக் கதறினார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று நாம் சொல்வோமா? கெத்செமனேத் தோட்டத்தில் அவர் கலங்கியபோது சிநேகிதரிடம் கேட்டது, கொஞ்ச நேரம் என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். சாவு வீட்டிலும் கடன் வீட்டிலும் நாம் செய்யக்கூடிய முதல் ஊழியம் அதுதான். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஆகவே நமது ஜெபக் கூட்டங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று சில காரியங்களைச் சொல்கிறோம்.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘எனக்கு’ என்ற சொல் இல்லை, ‘எங்களுக்கு’ என்றுதான் இருக்கிறது. ஆகாரத்தைக் கேட்பதும் எல்லாருக்குமாகத்தான். ஆகவே பக்கத்துக் காம்பராவில் அடுப்பு எரியவில்லை என்றால் நமது ஜெபம் இன்னும் முடியவில்லை. ஒரு சுண்டு அரிசி கொண்டுபோங்கள். அவர்கள் என்ன மதம் என்று பார்க்காதீர்கள்.

நோய்க்கு ஜெபியுங்கள், ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிற நாளைத் தவறவிடாதீர்கள். நெஞ்சு வலி என்றால் முதலில் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை ஜெபியுங்கள். காணிக்கை கொடுத்தால் கடன் தீரும், கட்டாவிட்டால் சாபம் வரும் என்று சொல்லிப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். அந்த விதவை ஒரு சதம்கூடக் கொடுக்கவில்லை.

மைக்ரோ கடனுக்கு ஒளிந்து வாழும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வெளியே கதைக்காதீர்கள். ஜெபக் கூட்டத்தில் கேட்டது ஜெபக் கூட்டத்திலேயே இருக்கட்டும். இனி வாழ வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது பாவம் என்று பயமுறுத்தாதீர்கள். தனியாக விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசவையுங்கள்.

கடைசியாக, ஆமென் சொன்னவுடன் எழுந்துபோய்விடாமல் பத்து நிமிடம் இருங்கள். யாருக்காக ஜெபித்தோமோ அவர்களுக்காக நாளை யார் என்ன செய்வது என்று பேசுங்கள். சேமலாப நிதிப் பத்திரத்தை யார் எழுதிக்கொடுப்பது? ஆஸ்பத்திரிக்கு யார் துணை போவது? பெரிய துரையிடம் பேசத் தலைவரோடு எந்த இரண்டு பேர் போவது? ஆளையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மறுபடி ஜெபியுங்கள், மறுபடி போங்கள்.

2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது ஒருநாள் கேட்டதால் அல்ல. நமது பிள்ளைகளுக்கு வீடும் காணி உறுதியும் கிடைப்பதும் ஒருநாள் கேட்டால் நடக்காது. கிறிஸ்து பிறந்த செய்தி முதலில் வந்தது இராத்திரியில் மந்தைக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. வேலையில் இருந்த ஏழைகளுக்குத்தான் அது சொல்லப்பட்டது. கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்று நம்புகிற நாம், கேட்பதை நிறுத்த வேண்டாம்.

அனைவருக்கும் நத்தார் வாழ்த்துகள்.