புதிய ஓட்டுநரும் பெற்றோரின் கடமையும்

(ஜார்ஜ் டவுனில் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு நிகழ்த்தப்பெற்ற உரை)



முன்னாளில் தோட்டத்துப் பிள்ளைகளின் பயணம் லயத்திலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து கோயில் திடலுக்கும் என்ற அளவில் அடங்கியிருந்தது. 1985ஆம் ஆண்டில் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பெற்ற பின்னர் நிலைமை மாறிற்று. செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புகின்றனர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நண்பர்களோடு வண்டியில் வரும் இளைஞரும் பலர். இம்முன்னேற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், பிழைப்புக்குச் சென்ற பிள்ளை நலமே வீடு திரும்ப வேண்டுமன்றோ?

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 6,167 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் இவ்வாறு மாள்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள் பின்னிரவில் பினாங்குப் பாலத்தில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. அவற்றுள் ஒன்று தடுப்பைக் கடந்து கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 20 வயது மாணவர் உயிரிழந்தார். மற்றக் காரை ஓட்டியவரின் வயதும் 21தான். எவர்மீது பழி என்று ஆராய்வது நம் நோக்கமன்று. இளம் வயதினருக்குச் சாலையில் நேரக்கூடிய ஆபத்து எத்தகையது என்பதை உணர்த்தவே இதனை நினைவூட்டுகிறோம்.

புதிய ஓட்டுநரிடம் உள்ள குறை யாது? பால்மரம் வெட்டும் நீங்கள் இதனை எளிதில் அறிவீர்கள். கத்தி பிடிக்கச் சில நாளிலே கற்றுக்கொள்ளலாம். ஆனால், எவ்வளவு ஆழம் சீவினால் பால் வடியும், எவ்வளவு ஆழத்தில் மரம் காயப்படும் என்பதைக் கை உணர்ந்துகொள்ளப் பல மாதங்கள் செல்லும். வண்டி ஓட்டுவதும் அத்தகையதே. கியர் மாற்றவும் பிரேக் பிடிக்கவும் விரைவில் பழகலாம். வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே காணும் கண் காலத்தால் மட்டுமே வாய்க்கும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் சிறு வயதிலேயே வண்டி ஓட்டிப் பழகிய பிள்ளை, தனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணுகிறான். அப்பாதையின் வளைவுகளை அவன் அறிவான். நெடுஞ்சாலையிலோ பக்கத்தில் கனரக லாரி, பாலத்தின்மேல் குறுக்கே வீசும் கடற்காற்று, திடீரெனக் கொட்டும் மழை ஆகியவை அவனுக்குப் புதியவை. அனுபவமுள்ளவரின் பார்வை தொலைவிலும் பக்கக் கண்ணாடியிலும் மாறிமாறிச் செல்லும். புதியவரின் பார்வையோ சக்கரத்தின் முன்னாலேயே நின்றுவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

சட்டம் இதனை உணர்ந்தே வகுக்கப்பட்டுள்ளது. மோட்டார் சைக்கிளுக்கு 16 வயதும், காருக்கு 17 வயதும் நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் 'பி' அடையாளத்துடன் ஓட்ட வேண்டும். அக்காலத்தில் குற்றப்புள்ளிகள் பத்தை எட்டினால் லைசென்ஸ் பறிபோகும். லைசென்ஸ் இல்லாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுத்தனுப்பும் உடைமையாளரும் குற்றவாளியே ஆவார்.

நியூசிலாந்து நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் புதிய ஓட்டுநர்கள் துணையின்றி இரவு 10 மணிக்குமேல் ஓட்டவும், நண்பர்களை ஏற்றிச் செல்லவும் தடை உண்டு. இருளும், உடன்வரும் நண்பரின் உற்சாகமும் இளையோரின் ஆபத்தைப் பெருக்குகின்றன என்பதே காரணம். நம் நாட்டில் அத்தகைய தடை இல்லை. ஆகவே, அதனைப் பெற்றோர்களாகிய நீங்களே வீட்டில் விதிக்கலாம்.

முதல் ஆறு மாதங்களேனும் தேவையின்றி இரவில் வண்டியைக் கொடாதீர்கள். தோழர்களைப் பின்னால் ஏற்றிச் செல்ல அனுமதியாதீர்கள். பிள்ளை முதன்முறை பாலத்தைக் கடக்கும்போது, அனுபவமுள்ள ஒருவர் உடன் செல்லட்டும். தலைக்கவசத்தின் வாரைத் தாடையின்கீழ் இறுக்கிப் பூட்டச் செய்யுங்கள்; பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலையை விட்டுக் கழன்றுவிடும். இரவு வேலை முடிந்து வருபவன் உறங்கி விழித்தபின் புறப்பட்டால், வீட்டில் எவரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

இளைஞர்களே! கைத்தொலைபேசி ஒலித்தால் ஓரத்தில் நிறுத்தி விட்டுப் பேசுங்கள். முந்திச் செல்பவனை முந்திச் செல்ல விடுங்கள். சாலையில் பின்தங்குவது இழுக்கன்று.

பெற்றோர்களே! விடியுமுன் எழுந்து, மழையிலும் பனியிலும் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில்தான் பிள்ளைக்கு வண்டி வாங்கித் தருகிறீர்கள். அதன் சாவியைக் கொடுக்கும்போது மேற்சொன்ன கட்டுப்பாடுகளையும் சேர்த்தே கொடுங்கள். பிள்ளை முகஞ்சுளித்தால் சுளிக்கட்டும். அவன் மாலையில் வீடு வந்து சேர்வதே நமக்குப் பெரிது.