நோட்டுல இருக்கா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்குப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பதிவேடு பராமரிப்பு’. அந்தப் பேரைக் கேட்டதுமே பின்வரிசையில ரெண்டு பேர் டீ குடிக்க எழுந்தாச்சு, பார்த்துட்டுத்தான் இருக்கேன். போயிட்டு வாங்க, ஆனா வந்துடுங்க.

நம்ம குழுக்களுக்கு ஐந்து சூத்திரம் உண்டு. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கா திருப்பிக் கட்டுறது, ஒழுங்கா எழுதி வைக்கிறது. முதல் நாலையும் யாரைக் கேட்டாலும் தூக்கத்துல கூடச் சொல்லுவாங்க. ஐந்தாவதைக் கேட்டா எல்லோரும் ஊக்குநர் முகத்தைப் பார்ப்பாங்க. 1989-ல தருமபுரி மாவட்டத்துல குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துலயும், 1992-ல நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோட இணைக்க ஆரம்பிச்சப்பவும், நம்மகிட்ட அடமானம் வைக்க நகையும் இல்ல, நிலப் பத்திரமும் இல்ல. வங்கி எதைப் பார்த்துக் கடன் கொடுத்தது? தீர்மானப் புத்தகத்தையும் சேமிப்புப் பேரேட்டையும் கடன் பேரேட்டையும் பார்த்துத்தான். நம்ம சொத்தே அந்த நோட்டுங்கதான்.

குழு நோட்டைப் பத்தி அப்புறம் வர்றேன். முதல்ல நம்ம சொந்த நோட்டு.

எங்க பக்கத்து ஊராட்சியில இட்லிக் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா, ஒரு நிதி நிறுவனத்துல கடன் வாங்கியிருந்தாங்க. மாசத் தவணை 1,150 ரூபாய். வசூலுக்கு வந்தவர் ஒருநாள், “அட்டையை ஆபீஸ்ல பதியணும்”னு வாங்கிட்டுப் போனார், திருப்பித் தரவே இல்ல. கொஞ்ச நாள்ல ஆளே மாறிட்டார். புதுசா வந்தவர் வாசல்ல நின்னு, “மூணு தவணை பாக்கி இருக்கும்மா”ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். 3,450 ரூபாய். அந்த அக்காவுக்கு அந்தப் பணம் பெருசில்ல. வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் பெருசு. “கட்டினேன் கட்டினேன்னு சொன்னியே, அந்தக் காசை எங்க கொண்டு போய்க் கொடுத்த?”

அவங்க பால் நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. எழுத்து அழகா இருக்காது, ‘ள’வும் ‘ல’வும் மாறியிருக்கும். ஆனா ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, யார்கிட்ட, எங்க வச்சுக் கொடுத்ததுன்னு இருக்கு. ஒண்ணுல, “செவ்வாய், நல்ல மழை, மதினி வீட்டுத் திண்ணையில் கொடுத்தது 1,150”னு எழுதியிருக்கு. அந்த மழையைப் படிச்சதும் மதினிக்கு ஞாபகம் வந்துடுச்சு. நாங்க நாலு பேர் அந்த நோட்டை எடுத்துக்கிட்டு நிறுவனத்தோட கிளைக்குப் போனோம். அவங்க தங்களோட தினசரி வசூல் தாளை எடுத்துத் தேதி தேதியா ஒத்துப் பார்த்தாங்க. ரெண்டு வாரத்துல பாக்கி இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்தக் காகிதத்தை அக்கா முதல்ல காட்டினது வீட்டுக்காரர்கிட்டதான். அவர் ஒண்ணும் பேசல, சாப்பாடு போடச் சொன்னாராம்.

அதனால தொகையை மட்டும் எழுதாதீங்க. யார், எங்க, பக்கத்துல யார் இருந்தாங்க, அதையும் ஒரு வரி எழுதுங்க.

எழுதினாத்தான் தெரியுற விஷயம் இன்னும் இருக்கு. தண்டல் வாங்குறோம். பேருக்குப் பத்தாயிரம், பிடித்தம் போக கையில வர்றது 8,500. தினம் 100 ரூபாயா 100 நாள் கட்டுறோம். “தினம் நூறுதானே”ன்னு தோணும். உட்கார்ந்து எழுதிப் பாருங்க. அசல் நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வருது, வட்டி மட்டும் முதல் நாளே மொத்தமா போயிடுச்சு. கணக்குப் போட்டா மாசத்துக்கு நூத்துக்குப் பத்து ரூபாய் வட்டி கிட்ட வருது. நம்ம குழுவுல பத்தாயிரம் உள்கடன் வாங்கி, மாசம் ஆயிரமா பத்து மாசம் கட்டுறோம்னு வைங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியில, பாக்கி இருக்கிற அசலுக்கு மட்டும் போட்டா மொத்த வட்டி 550. அதே ஒரு ரூபாய் வட்டியைக் கடைசி மாசம் வரைக்கும் முழுப் பத்தாயிரத்துக்கும் போட்டா 1,000. ரெண்டு இடத்துலயும் வாயால சொல்றது “ஒரு ரூபாய் வட்டி”தான்! தாள்ல எழுதச் சொல்லிக் கேளுங்க. எழுதித் தரத் தயங்குற இடத்துல கடன் வாங்காதீங்க.

ரெண்டு மாடு வச்சிருக்கிற ஒரு தங்கச்சி, கிழ மாட்டை வித்துடலாம்னு இருந்தாங்க. வித்துடுறதுக்கு முன்னாடி மூணு மாசம் வரவு செலவு எழுதச் சொன்னேன். இளம் மாடு நாளுக்கு 8 லிட்டர், லிட்டர் 36 ரூபாய்னா 288. தவிடு, புண்ணாக்கு, தீவனம் எல்லாம் 210. மிச்சம் 78. கிழ மாடு 5 லிட்டர்தான், 180 ரூபாய். ஆனா அது மேய்ச்சலுக்குப் போய் வயித்தை நிரப்பிட்டு வருது, செலவு 80. மிச்சம் 100. மாடு இன்னும் கொட்டகையிலதான் இருக்கு.

இப்போ குழு நோட்டு. இதைக் கொஞ்சம் கோபமாவே சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

பல குழுவுல கூட்டம் முடியுற நேரம் தீர்மானப் புத்தகம் சுத்தி வருது. பக்கம் காலியா இருக்கு. “நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா, நான் வீட்டுல உட்கார்ந்து எழுதிக்கிறேன்.” அடுப்புல உலை இருக்கு, மாடு கத்துது, நாமளும் போட்டுட்டுப் போயிடுறோம். எந்த ஊர்னு கேட்காதீங்க, ஒரு குழுவுல இப்படிப் போட்ட வெத்துப் பக்கத்துல பின்னாடி ஒரு வங்கிக் கடன் தீர்மானம் ஏறிடுச்சு. பன்னிரண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுத்ததா எழுதியிருக்கு. மூணு பேருக்குப் பத்துப் பைசா வரல, தங்க பேர்ல கடன் இருக்குறதே தெரியல. வங்கியில கேட்டா, “உங்க கையெழுத்துதானே”ன்னாங்க. கையெழுத்து அவங்களோடதுதான். என்ன பதில் சொல்ல முடியும்? அந்தக் குழு இன்னைக்கு இல்ல. பதினொரு வருஷம் ஒண்ணா இருந்தவங்க கல்யாணத்துக்குக் கூடப் பத்திரிகை வைக்கிறதில்ல.

எழுதி முடிச்ச பிறகு, உரக்கப் படிச்சுக் காட்டின பிறகுதான் கையெழுத்து. கையெழுத்துக்கு மேல இடம் விட்டிருந்தா குறுக்குக் கோடு போடச் சொல்லுங்க. சந்தேகப்படுறதா ஊக்குநர் நினைச்சுக்குவாங்களோன்னு கூச்சப்படாதீங்க. நேர்மையா எழுதுற ஊக்குநருக்கு இதைவிடப் பாதுகாப்பு வேற இல்ல. நோட்டை எப்பவும் ஒருத்தர் வீட்டுலயே வைக்காதீங்க. காசு கொடுத்து வெளி ஆளை வச்சு எழுதுற குழுக்களும் இருக்கு. அவர் எழுதட்டும், ஆனா கூட்டத்துல உட்கார்ந்து எழுதணும். மாசம் ஒருத்தர்னு தீர்மானத்தை முறை வச்சு எழுதிப் பாருங்க. எழுத வராதுன்னு சொல்றவங்ககிட்ட வருகைப் பதிவேட்டைக் கொடுங்க. அதுல தொடங்கட்டும்.

இது நேத்து வந்த சட்டம் இல்ல. உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரைக் குடவோலையில போடக் கூடாதுன்னு அதுல வெட்டி வச்சிருக்காங்க. அவரோட சொந்தக்காரங்க பேரையும் சேர்த்துத்தான். நம்ம கூட்டமைப்புத் தேர்தலுக்கும் இதைக் கொண்டு வரலாமான்னு தலைவி அவர்கள் யோசிக்கணும். (கைதட்டல்)

பாண்டிச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தர், பிரெஞ்சுக்காரங்ககிட்ட துபாஷியா இருந்தவர், 1736-லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் தமிழ்ல. இன்னைக்கு அந்தக் காலத்தைப் பத்தி எழுதுறவங்க அவரைத்தான் தேடிப் போறாங்க. அதே ஊர்ல அதே காலத்துல ஒரு பொம்பள, அரிசி என்ன விலை, பிள்ளைக்கு எத்தனை நாள் காய்ச்சல்னு எழுதி வச்சிருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு அடிக்கடி தோணும்.

அந்தக் காய்ச்சல் கணக்கையாவது நாம எழுதலாம். ஆஸ்பத்திரியில “எத்தனை நாளா?”ன்னு கேட்டா, “ஒரு நாலஞ்சு நாளா”ன்னு சொல்றோம். என்னைக்கு ஆரம்பிச்சது, என்ன மாத்திரை கொடுத்தோம், சர்க்கரை, பிரஷர் எவ்வளவு இருந்ததுன்னு தேதி போட்டு எழுதிக் கொண்டு போங்க, டாக்டருக்கும் வேலை சுலபம். அரசாங்க ஊரக வேலைக்குப் போற நாட்களையும் அப்படியே குறிச்சு வைங்க, அட்டையில ஏறினதோட ஒத்துப் பார்க்கலாம்.

நேரம் ஆயிடுச்சுன்னு செயலாளர் கடிகாரத்தைக் காட்டுறாங்க. வந்திருக்கிற எல்லோருக்கும் கூட்டமைப்பு சார்புல ஒரு 80 பக்க நோட்டும் பேனாவும் வாசல்ல வச்சிருக்கோம். வாங்குறவங்க பக்கத்துல இருக்கிற பதிவேட்டுல பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடுங்க.