கூட்டத்தில் கற்ற ஒழுங்கு, தொழிலுக்கும் வேணும்



நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். "தினமும் எப்படித் தவறாமல் செய்யுறீங்க?" என்று பல அக்காமார் கேட்கிறாங்க. அதைப் பத்திதான் பேச வந்தேன்.

நம்ம குழுவில் பஞ்ச சூத்திரம் என்று ஐந்து சொல்லிக் கொடுத்தாங்க. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், காலத்தில் கடன் திருப்புதல், முறையான கணக்குப் பதிவேடு. குழுவுக்குச் சொன்ன இந்த ஒழுங்கைத்தான் நான் மாவு வியாபாரத்துக்கும் வைத்துக்கொண்டேன்.

முதலில் நேரம். காலை 10 மணிக்கு அரிசி ஊற வைப்பேன். மதியம் ஒன்றரை மணிக்கு உளுந்து. இரண்டரைக்கு முதலில் உளுந்து, பிறகு அரிசி அரைப்பேன். மாவு எடுத்த கையோடு கிரைண்டரைக் கழுவி விடுவேன். காய்ந்து போனால் கழுவவும் சிரமம், மறுநாள் மாவும் சீக்கிரம் புளிக்கும். மாலை ஐந்தரை முதல் 8 மணி வரை விற்பனை. மாதாந்திர மின்தடை வருகிற நாளில், "நாளைக்கு மாவு ராத்திரி எட்டு மணிக்குத்தான்" என்று முதல் நாளே சொல்லி விடுவேன். சொல்லிவிட்டால் ஜனங்க காத்திருப்பாங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது பணம். 8 கிலோ இட்லி அரிசிக்கு 2 கிலோ உளுந்து போட்டால் சுமார் 25 கிலோ மாவு வரும். கிலோ 40 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 680 ரூபாய் ஆகிறது. மூன்று டப்பா வைத்திருக்கிறேன். 680 முதல் டப்பாவுக்கு; அது நாளைய முதல். 120 இரண்டாவதுக்கு, அதில் 100 கடன் தவணைக்கு, 20 கிரைண்டர் ரிப்பேருக்கு. மீதி 200 என் கூலி. மாதம் 26 நாள் அரைத்தால் 2,600 சேரும். தவணை 2,500. கூட்டத்தன்று யார்கிட்டயும் கைமாத்து கேட்க வேண்டியதில்லை.

போன ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. எங்க வீட்டுக்காரர் கொத்தனார், வேலையே இல்லை. "அந்த முதல் டப்பாவுல இருந்து ஒரு ஐந்நூறு எடு" என்றார். "அதை எடுத்தா நாளைக்கு அரிசி வாங்க முடியாதுங்க, கூலி டப்பாவுல இருக்கிறத எடுத்துக்கோங்க" என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அந்த இரண்டு மாசமும் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான். இப்போ மாவு எடை போட்டுக் கவரில் கட்டுவது அவர்தான்.

மூன்றாவது நோட்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஐந்து நிமிஷம். அரைத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, மீதி எவ்வளவு, கடன் யாருக்கு என்று எழுதுவேன். "மாவு விக்கிறதுக்கு ஒரு நோட்டா?" என்று எங்க அத்தை சிரிச்சாங்க. சொந்தக்காரங்க வாங்கினாலும் அவங்க முன்னாலேயே எழுதுவேன். சனிக்கிழமை கணக்கு முடிக்கணும் என்பது எல்லாருக்கும் பொது. அதனால் யாருக்கும் வருத்தமில்லை. கேட்கிற எனக்கும் கூச்சமில்லை. நோட்டைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு அதிகமும், அமாவாசைக்கு முதல் நாள் குறைவாகவும் ஊற வைக்கிறேன். மீந்து வீணாவது குறைந்தது.

கோழி வளர்த்தாலும், தையல் தைத்தாலும், பூக் கட்டினாலும் இது பொருந்தும். எல்லாத்தையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரம் வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாத அக்கா பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எங்க குழுவில் ஒருத்தர் அப்படித்தான் செய்கிறார்.