மனம் ஆறும் படிகள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இப்பாடசாலையில் படித்து இன்று உளவளத்துணைப் பணியில் இருக்கும் எங்களிடம் சங்கத்தார் ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்களிடம் வந்து கதைப்பதால் ஒருவரிடம் அப்படி என்னதான் மாறுகிறது?" அதற்கு இன்று விடை சொல்ல முயல்கிறோம். தனி ஒருவரின் கதையை இங்கு சொல்ல மாட்டோம். எங்கள் காதில் விழுந்தது எங்களோடு இருக்க வேண்டும் என்பது இப்பணியின் முதல் ஒழுங்கு. பலரிடமும் பொதுவாகக் காண்பவற்றையே சொல்கிறோம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எமது பெரியகல்லாற்றுக்குத் துயரம் புதிதல்ல. போர் வந்தது, 2004 டிசெம்பர் 26இல் கடலும் வந்தது. துயரை ஆற்றும் வழிகளும் எமக்குப் புதியவை அல்ல. கண்ணகை அம்மன் சடங்கும் குளிர்த்தியும் எமது தாய்மாரைத் தாங்கியிருக்கின்றன. தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், காணாமற்போனோரின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டதை விரிவாக எழுதியிருக்கிறார். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக இருந்து களிமண்ணிலும் சித்திரத்திலும் கதையிலும் தம் மனதைத் திறந்தார்கள். உள்ளே கிடப்பதை வெளியே கொண்டுவர நம்பிக்கையான ஓர் இடம் வேண்டும். உளச்சிகிச்சை தருவதும் அந்த இடத்தைத்தான்.

எங்களிடம் வருபவர்கள் "எனக்குக் கவலை" என்று சொல்லி வருவது குறைவு. தலையிடி, நெஞ்சுப் பதற்றம், நித்திரையின்மை, "ஒரே யோசனை" என்றுதான் வருவார்கள். 1993இல் கெனத் ஹவார்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் மாற்றம் மூன்று கட்டங்களாக வருகிறது என்றார்கள். முதலில் நம்பிக்கை துளிர்க்கும். பிறகு நோய்க்குறிகள் தணியும். கடைசியாகவே வாழ்க்கை முறை மாறும். நாங்கள் காண்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டு மூன்று தடவை வந்ததும் முகம் தெளியும். நித்திரை சீராகச் சில கிழமைகள் செல்லும். கடற்கரைப் பக்கம் மீண்டும் நடக்கவும், உறவுகளோடு பழையபடி பழகவும் மாதங்கள் செல்லும். முகம் தெளிந்தவுடன் "சுகமாயிற்று" என்று நின்றுவிடுபவர்கள் அநேகம். அடுத்த இரண்டு கட்டங்களும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகின்றன.

கதைக்கும் விதமும் மாறும். கார்ல் றொஜர்ஸ் 1958இல் இதை ஏழு படிகளாக விளக்கினார். தொடக்கத்தில் ஒருவர் "கடல் வந்தது, எல்லாம் போயிற்று" என்று யாருக்கோ நடந்ததைப்போலச் சொல்வார். நாட்செல்ல "அப்போது எனக்குப் பயமாக இருந்தது" என்பார். இன்னும் செல்ல, "இதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வருகிறது; என்மேலேயே எனக்குக் கோபம்" என்பார். அந்த இடத்தில் கண்ணீர் பெருகும். வீட்டார் "போகப் போகக் கூடுகிறதே" என்று பயப்படுவார்கள். உறைந்திருந்தது இளகும்போது அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "முந்தி வாய் திறக்காத பிள்ளை, இப்ப எதிர்த்துக் கதைக்குது" என்று தாய்மார் எங்களிடம் முறையிடுவதுண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பெண் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லப் பழகுவது குணமாவதன் ஓர் அடையாளம். அவள் மாறும்போது வீடும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. அதற்கு இடமில்லாத வீட்டில் அவள் மறுபடியும் மௌனமாகிவிடுவாள்.

பாதை நேராகவும் இராது. டிசெம்பர் மாதம் வந்தால் பழைய கனவுகள் திரும்பும். முதல் வருடம் அது பல கிழமைகள் வாட்டும். பிறகு சில நாட்களில் தணியும்; எப்படிக் கடப்பது என்று அவருக்கே தெரிந்திருக்கும். இழந்தவரை மறப்பது இதன் முடிவல்ல. அவரை நினைத்துக்கொண்டே சமைக்கவும் சிரிக்கவும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் முடிகிறதே, அதுதான் நாங்கள் காணும் சுகம். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

சகோதரிகளே, இந்த மண்டபத்திலும் நித்திரையின்றித் தவிக்கும் ஒருவர் இருக்கலாம். "விசர்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனையோ பேர் வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்கள். அச்சொல்லை எமது வீடுகளிலிருந்து எடுத்துவிடுவோம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தைக் கைபேசியில் பதிந்து வைப்போம். யாரேனும் துணைக்கு வரச் சொன்னால், காரணம் கேளாமல் கூடப் போவோம். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். அந்த வைத்தியசாலை வாங்கிலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்போம்.