கரண்ட் வைத்தவர் மடியில் பேரன் உட்காரலாம்

புற்றுநோய்க்குத் தஞ்சாவூர் போய்க் ‘கரண்ட் வைத்து’ வந்த ஒரு பாட்டியிடம் பேரனைக் கொடுக்கப் பயந்த வீட்டை நாம் பார்த்தோம்.

அது கரண்ட் இல்லை. அதிவேக எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதிப் பிறக்கும் எக்ஸ் கதிர். உடம்பில் புகுந்து செல்லின் மரபிழையை அறுக்கும். நல்ல செல் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும்; புற்றுச் செல்லுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால்தான் வாரம் 5 நாள், சிறுகச் சிறுக வைக்கிறார்கள். நடவு, கல்யாணம் என்று நடுவில் விட்டால் புற்று மறுபடி வளர இடம் கொடுத்ததாகும். தோல் கறுக்கும், அசதி வரும்; டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. (தைராய்டுக்குக் குடிக்கத் தரும் கதிர் அயோடின் வேறு, அதற்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள்.) 2019 முதல் சென்னையில் புரோட்டான் சிகிச்சையும் உண்டு, எல்லோருக்கும் அது தேவைப்படாது, வயலை விற்க ஓடாதீர்கள்.

பஸ் செலவுதான் தடையென்றால் நம் டிரஸ்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.