உப்பும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நலவாழ்வும் தமிழும்" என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், தமிழ் பயிற்றுபவள். நோய்க்கு மருந்து சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் நோயைப் பற்றி நாம் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்க்கும் கடமை எனக்கு உண்டு. மருத்துவரிடம் கேட்கத் தயங்கி, அடுத்த வீட்டாரிடம் நாம் நாள்தோறும் கேட்கும் வினாக்கள் மூன்றை மட்டும் இன்று எடுத்துக் கொள்கிறேன். கொதிப்பு அடங்கிவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா? சிறுநீரில் உப்பு இருக்கிறது என்றால் என்ன பொருள்? கடலோரத்தில் வாழும் நமக்கு அயோடின் உப்பு எதற்கு? மூன்று வினாக்களும் உப்பைச் சுற்றியே வருகின்றன. இந்த மண்ணில் அது இயல்பே.

நம் ஊரை முத்துநகர் என்கிறோம். கவியரங்கு தோறும் முத்தைப் பாடுகிறோம். மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு பெரிய அளவில் கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முத்து நமக்கு ஒரு நினைவு. உப்போ நம் அன்றாட வாழ்வு. இந்நாட்டில் உப்பு மிகுதியாக விளையும் மாநிலங்களுள் தமிழகம் ஒன்று. அதில் பெரும்பங்கு வேப்பலோடை, தருவைக்குளம், முள்ளக்காடு, ஆறுமுகனேரி என நீளும் நம் மாவட்டத்து அளங்களுடையது. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் உமணரை மறந்தாரில்லை. நாம்தாம் முத்தைப் பாடும் ஆர்வத்தில் உப்பை மறந்துவிட்டோம்.

முதல் வினாவை என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். என் தந்தையார் உப்பளம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். என் தாயார் பள்ளிப் படிப்புக் குறைந்தவர், சொல்வளம் மிக்கவர். அவருடைய ஐம்பத்தைந்தாம் வயதில், வேறு எதற்கோ மருத்துவரிடம் சென்றபோது, இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது தெரிய வந்தது. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, ஒனக்குக் கொதிப்பு இருக்கு, இந்த மாத்திரைய விடாமச் சாப்பிடணும்" என்று சொன்னவள் நான்தான்.

அம்மா சிரித்தார். "எனக்கென்னட்டி கொதிப்பு? நான் யாருகிட்டக் கோவப்பட்டேன்?" என்றார். என் வற்புறுத்தலுக்காகச் சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டார். பிறகு ஒருநாள், "தலைச்சுத்தலும் இல்ல, ஒடம்புல சூடும் இல்ல. கொதிப்பு அடங்கிட்டு" என்று தாமே நிறுத்திவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் சென்றபின், ஒரு விடியற்காலையில் அடுக்களையில் விழுந்தார். வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. நான்கு ஆண்டுகள் கட்டிலில் கிடந்து மறைந்தார். சொல்வளம் மிக்க அந்த நாவிலிருந்து ஒரு முழுச் சொல்லை நான் மீண்டும் கேட்கவேயில்லை.

அவையோரே, என் தாயார் அறியாமையால் மாத்திரையை நிறுத்தவில்லை. தமிழ் நன்கு அறிந்திருந்ததாலேயே நிறுத்தினார். கொதிப்பு என்றால் பொங்க வேண்டும், சுட வேண்டும், ஆவி எழ வேண்டும், சினம் வர வேண்டும். இவற்றுள் ஒன்றும் தம்மிடம் இல்லை என்பதைக் கண்டு, நோயும் இல்லை என்று முடிவு செய்தார். சொல்லின்படி பார்த்தால் அம்முடிவு சரியே. பிழை சொல்லில் இருந்தது. முனைவர் பட்டம் பெற்ற மகள் அதை ஆராயாமல் எடுத்துக் கொடுத்தாள்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலோரிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. அளப்பாத்தியின் வரப்பை நீர் எப்படி அரிக்கிறது என்பதை இங்குள்ளோர் அறிவர். அரிக்கும்போது ஓசை எழுவதில்லை. உடையும் அன்றுதான் தெரிகிறது. அழுத்தமும் அவ்வாறே மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் குருதிக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் கெடுக்கிறது. அளந்து பார்த்தால்தான் அது தெரியும். மீண்டும் மீண்டும் அளக்கும்போது 140-க்கு 90 என்னும் அளவையோ அதற்கு மேலோ காட்டினால் அது உயர் அழுத்தம். மாத்திரை உண்ணும்போது அளவு சீராக இருக்கிறதென்றால், பெரும்பாலும் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது என்பதே பொருள். அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவாக இருக்க வேண்டும்.

இங்கே உப்பின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த பேராய்வு ஒன்று 1988-இல் வெளிவந்தது. உணவில் உப்புச் சேர்க்கும் வழக்கமே இல்லாத அமேசான் காட்டு யானோமாமி மக்களிடம், வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறவில்லை என்று அது கண்டது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் நாட்டவர் சராசரியாக 8 கிராம் உண்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. குழம்பில் போடும் உப்பு மட்டும் கணக்கன்று. கருவாடு, ஊறுகாய், அப்பளம், காராச்சேவு ஆகியவற்றில் உள்ளதும் அக்கணக்கில் சேரும். இந்துப்புக்கு மாறினால் தீங்கில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். நிறம் வேறாயினும் அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு அழுத்தத்தைக் குறைக்க உதவும். எனினும் சிறுநீரக நோயுள்ளோர்க்கும் சில மாத்திரைகள் உண்போர்க்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் சிறுநீரைக் கொடுத்துவிட்டு, "சர்க்கரை இருக்கா, உப்பு இருக்கா?" என்று கேட்பது நம் வழக்கம். அங்கே உப்பு என்று சொல்லப்படுவது சமையல் உப்பு அன்று. சிறுநீரில் கசியும் அல்புமின் என்னும் புரதம். இரத்த ஆய்வில் கிரியாட்டினின் கூடினாலும், "உப்பு கூடியிருக்கு" என்றே சொல்கிறோம். அதுவும் சமையல் உப்பு அன்று. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. மூன்று வேறு பொருள்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம். இலக்கணத்தில் இதைப் பல பொருள் ஒரு சொல் என்று கற்பிக்கிறோம். நோயாளிக்கு அது வெறும் இலக்கணக் குறிப்பாக நின்றுவிடுவதில்லை.

என் மாணவி ஒருத்தி கருவுற்றிருந்தாள். ஏழாம் மாதத்தில் "உப்பு இருக்கு" என்று சொல்லியனுப்பினார்கள். வீட்டார் அவளுக்கு உப்பில்லாச் சோறு சமைத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தனர். பத்தியம் காத்துவிட்டோம் என்னும் நம்பிக்கையில் அடுத்த பரிசோதனைக்குச் செல்லவில்லை. முகமும் காலும் வீங்கிப் பார்வை மங்கியபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்வாய்ப்பாகத் தாயும் சேயும் பிழைத்தனர். கருவுற்ற ஐந்தாம் மாதத்துக்குப் பின் அழுத்தமும் கூடி, புரதமும் கசிந்தால், அது இரு உயிர்களையும் அச்சுறுத்தும் நிலை. கடுந்தலைவலி, பார்வை மங்கல், திடீர் வீக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது. "புரதம் கசிகிறது" என்று அன்றே ஒருவர் சொல்லியிருந்தால், எங்கிருந்து கசிகிறது, ஏன் கசிகிறது என்று அவ்வீட்டார் கேட்டிருப்பார்கள்.

மூன்றாம் வினா நம் பெருமையோடு தொடர்புடையது. "கடல் நம் வாசலில் இருக்கிறது, நம் உப்பில் இல்லாத அயோடினா?" என்று கேட்கிறோம். கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதளவே உண்டு. உப்பாக உறையும்போது அதுவும் ஏறக்குறைய இல்லாமற் போகிறது. கடல்மீன் உண்போர்க்கு ஓரளவு கிடைக்கும், கல்லுப்பிலிருந்து கிடைக்காது. இமயத்து அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை பரவியிருந்தது. அங்கே 1956-இல் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் அந்நோய் குறையும் என்று காட்டியது. 1962-இல் நாடு தழுவிய திட்டம் அதன்வழி பிறந்தது. அயோடின் குறைந்தால் கழுத்து மட்டும் வீங்குவதில்லை. கருவில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும்.

2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் 62 மட்டுமே. மாநிலங்களுள் அதுவே மிகக் குறைவு. உப்பை மிகுதியாக விளைவிக்கும் நாம் நல்ல உப்பை உண்பதில் கடைசியில் நின்றோம். அயோடின் உப்பைக் கேட்டு வாங்க வேண்டும். மூடியுள்ள கலத்தில், ஈரமும் அடுப்பின் சூடும் படாமல் வைக்க வேண்டும். சமையலின் இறுதியில் சேர்க்க வேண்டும். உப்பைக் குறைப்பதும் அயோடின் உப்பை உண்பதும் முரண்பட்டவை அல்ல. உண்ணும் சிறிதளவு உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும்.

இதுவரை உப்பை உண்பவரைப் பற்றிப் பேசினேன். அதை விளைவிப்பவரைப் பற்றிப் பேசாமல் அமர்ந்தால் இவ்வுரை கரிக்கும். விடியுமுன் அளத்தில் இறங்கி, வெண்மையில் எதிரொளிக்கும் வெயிலில் கண் கூச, உப்புநீரில் கால் வெடிக்க, உப்பை வாரிக் குவிப்பவர் நம் மக்கள். அவர்களுள் பெண்கள் மிகுதி. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 350-க்கு மேற்பட்டோரிடம் 2017 முதல் 2020 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைக் கடந்த வெப்பத்தில் உழைப்பதையும், நூற்றில் ஏறத்தாழ எழுவர்க்குச் சிறுநீரகச் செயல்திறன் குன்றியிருப்பதையும் அது கண்டது. அளத்துப் பெண்கள் பலர் பகலில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். காரணம் எளியது: ஒதுங்க இடம் இல்லை. தாகத்தை அடக்குவதும் சிறுநீரை அடக்குவதும் நாள்தோறும் நடந்தால், உடல் எத்தனை ஆண்டு தாங்கும்?

கடல்களுக்கு அப்பால், நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இவ்வாறே சிறுநீரகம் கெட்டு மாண்டனர். அங்கே மூன்று சொற்களைத் திட்டமாக வகுத்தனர்: நீர், ஓய்வு, நிழல். அவை கிடைத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதைவிடச் சுருக்கமாக எந்தக் கவிஞரும் எழுத இயலாது. நம் அளங்களுக்கு நான்காவது சொல் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கழிப்பிடம். அது கவிதைக்குரிய சொல்லா என்று கேட்போர், அளத்தில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுக் கேட்கட்டும். இக்கரை உப்பளத் தொழிலாளரிடையே சென்று, கேட்டறிந்து, "கரிப்பு மணிகள்" நாவலை எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். அவர் இம்மாவட்டத்தில் பிறந்தவர் அல்லர். இங்கே பிறந்த நாம் என்ன எழுதியிருக்கிறோம்?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் தொடக்கத்தில், மிகுதலும் குறைதலும் இரண்டுமே நோய் என்கிறார். காமத்துப்பாலில் ஊடலின் அளவைச் சொல்ல வரும்போது அவருக்கு உவமையாக வந்து நிற்பது உப்பு. உணவின் அளவை அறிந்த புலவர் சொல்லின் அளவையும் அறிந்திருந்தார். நமக்கும் அப்பொறுப்பு உண்டு.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மருத்துவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு சிறு சொற்கையேடு உருவாக்குவோம். கொதிப்பு என்னும் இடத்தில் அழுத்தம் என்று சொல்வோம். "தெரியாமலே இருக்கும், அளந்தால்தான் தெரியும்" என்னும் தொடரை அதனோடு சேர்த்தே சொல்வோம். சிறுநீரில் உப்பு என்னும் இடத்தில் புரதக் கசிவு என்போம். வட்டார வழக்கிலேயே எழுதி, அளத்துக்கும் மீனவர் குடியிருப்புக்கும் சென்று நாமே படித்துக் காட்டுவோம். நூறு கவியரங்குகளால் என் தாயாரை மீட்க இயலாது. சரியான ஒரு சொல் இன்னொரு தாயின் கையில் மாத்திரையைத் திரும்ப வைக்கக்கூடும்.