உழைத்து உண்ட சுவை



பிறந்த ஊரைப் பிரிந்து வாழ்வோர் அவ்வூர் உணவை நினைத்து ஏங்குவது இயல்பு. ஆனால், புகுந்த ஊரின் உணவு எப்பொழுது நமக்கு உரியதாகிறது? இதனைச் சிறிது சிந்திப்போம்.

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின்மீது கடக்வாஸ்லா அணை அமைந்துள்ளது. 1916இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும், 1955இல் திறக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகமும் இவ்வூரில் உள்ளன. பணியின் பொருட்டுப் பல மாநிலத்தாரும் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் தமிழரும் உண்டு.

1980ஆம் ஆண்டுகளில் இங்கு வளர்ந்த நாம், மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளை மறப்பதற்கில்லை. நகரத்தார் அணையைக் காணத் திரண்டு வருவர். கரையோரக் கடைகளில் வெங்காய பஜ்ஜி பொரியும். கரிநெருப்பில் மக்காச்சோளக் கதிர் வெடிக்கும். எலுமிச்சைத் துண்டை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தோய்த்துக் கதிர்மேல் தேய்த்துத் தருவர். சோளமாவைக் கையால் தட்டிச் சுட்ட பாக்கரியும், கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சிய பிட்லாவும், பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த டேச்சாவும் உண்டு. பிட்லா என்றதும் நம் வீட்டுப் பாகற்காய்ப் பிட்லையை எதிர்பார்த்தவர் ஏமாந்தனர்!

பதினைந்து, பதினாறு வயதில் நம்மில் சிலர் அக்கடைகளில் தட்டுக் கழுவினோம். சிலர் கதிர் சுட்டோம். சிலர் மாலை வேளையில் சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். “படிக்கிற பிள்ளைக்கு எச்சில் தட்டு எதற்கு?” என்று வீட்டில் வருந்தினர். ஊரார் என்ன சொல்வரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். கடைக்கார அம்மையாரோ நம்மைப் “பாளா” என்று குழந்தையாகவே அழைத்தார். நாம் அவரை “மாவ்ஷி” என்றோம். தாயுடன் பிறந்தவளைக் குறிக்கும் மராத்திச் சொல் அது. கூலியோடு சூடான பாக்கரியும் கிடைக்கும். அதுவரை ‘அவர்கள் உணவு’ என்று ஒதுக்கியதை அன்றுதான் நம் உணவென்று உண்டோம்.

மராட்டிய மண்ணுக்கு இது புதுமையன்று. 1919இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்த பாவுராவ் பாட்டீல், உழைத்துப் பொருளீட்டிக் கற்பதையே ஏழை மாணவர்க்கு வழியாகக் காட்டினார். அவருடைய விடுதியில் பல சாதி மாணவரும் ஒன்றாக உண்டனர். உழைப்பும் உணவும் மக்களை இணைக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் இதற்கு ஓர் எல்லை வேண்டும். பதினான்கு வயது நிரம்பாதவரைக் கூலிப் பணியில் அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. அவ்வயது கடந்தவர்க்கும் படிப்பும் உறக்கமும் கெடலாகாது. வறுமை துரத்த உழைப்பது வேறு. விடுமுறையில் விரும்பி உழைப்பது வேறு. முன்னதை நாம் போற்றிப் பேசுதல் தகாது.

விரும்பி உழைக்க முன்வரும் மகனையோ மகளையோ, குடும்பப் பெருமை குறையும் என்று தடுக்க வேண்டா. அப்பிள்ளை ஈட்டி வருவது காசு மட்டுமன்று. அயலூரில் ஒரு மாவ்ஷியையும் அன்றோ ஈட்டி வருகிறது!